எத்தனை ஆள் கனம்

கரியாலூர் பங்களாவில் வாட்சராக இருந்தவர் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். பிறகு இடுப்பு, அப்புறம் தோள். முகத்துக்கு அவர் கண் வந்து சேர்வதற்குள் கணக்கு முடிந்திருக்கும். "ரெண்டாளு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். இல்லையென்றால் "நாலாளு". ஒருமுறை சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் என் வேனிலிருந்து இறங்கியபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "எட்டாளுங்க. மழன்னா பத்து" என்றார். அறை எத்தனை பேருக்கு என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்த அதிகாரி, "இல்லப்பா, நாங்க அஞ்சு பேர்தான்" என்றார்.

எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் வழியாகப் போய், கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் கரியாலூர். அருவி பார்க்கவென்று ஜனங்கள் வண்டி பிடித்துக் கிளம்பத் தொடங்கியிருந்த காலம் அது. அதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் ஒருவர் ஊரை விட்டுப் போகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சாமி கும்பிடப் போவார்கள், மாடு பிடிக்கப் போவார்கள், பெண் பார்க்கவோ துக்கம் விசாரிக்கவோ போவார்கள். என் அப்பா திருப்பதிக்கு நடந்தே போய் வந்தவர். அவரிடம் நான் மலை சவாரி போய் வந்ததைச் சொன்னால், "அங்க இன்னாடா கோயிலு?" என்று கேட்பார். கோயில் இல்லை, தண்ணி விழுவதைப் பார்க்கப் போனார்கள் என்றால் நம்பமாட்டார்.

வாட்சரிடம் ஒருநாள் கேட்டேன். "பெரியவரே, அது இன்னா ரெண்டாளு, நாலாளு?"

"தூக்கறதுக்கு தம்பி. ஒருத்தர கீழருந்து மேல கொண்டாரணும்னா எத்தினி ஆளு தோள் குடுக்கணும்? அந்தக் கணக்கு."

"இப்பதான் ரோடு வந்துடுச்சே."

"ரோடு வந்துடுச்சு. கண்ணு கேக்க மாட்டுதே."

என் கனம் எத்தனை என்று கேட்டேன். பார்க்காமலே, "நீ ரெண்டாளு. கல்யாணம் ஆனா நாலு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு.

அவர் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. சட்டை அந்த இடத்தில் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். மலைக்கு ரோடு வராத நாளில், ஜாகீர்தார்களின் அதிகாரத்தில் மலை இருந்த காலத்தில், மேலே வருகிற பெரிய மனிதர்களை நாற்காலியிலோ டோலியிலோ வைத்துத் தூக்கி வருவது மலைக்காரர்களின் வேலை. கூலி கிடையாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அவருடைய அப்பாவும் தூக்கினார், அண்ணனும் தூக்கினார், பதினாறு வயதிலிருந்து இவரும் தூக்கினார். ஜாகீர் ஒழிந்த வருஷம் ஊர் கூடி, இனி நம்ம மலையில் உயிரோடு இருக்கிற எந்த மனுஷனையும் யாரும் தோளில் தூக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்களாம். டோலிக் கம்பை வெட்டி அடுப்பில் வைத்தவர் இவர்தான் என்று சொல்வார்கள்.

அவர் எந்த வண்டியிலும் ஏறமாட்டார். மழையில் நனைந்துகொண்டு போகும்போதும் எத்தனையோ தடவை வேனை நிறுத்திக் கூப்பிட்டிருக்கிறேன். "நீ போ தம்பி" என்று கையை ஆட்டிவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிடுவார். ஒரு தடவை விடாமல் கேட்டதற்கு, "இன்னொன்னு தூக்கிக்கினு போவ, நான் ஒக்காந்துக்கினு போறதா? ஒடம்பு கூசுது" என்றார். எஞ்சினைத்தான் சொன்னார். ஆனால் என் வேனில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். இறங்குகிற பயணம் என்றால் கனமான ஆட்களைப் பின்சீட்டிலிருந்து எழுப்பி நடுவில் உட்காரவைப்பார். அவர் சொன்னபடி ஏற்றினால் வளைவுகளில் வண்டி லேசாகத் திரும்பும். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப் போவதும் அவர் வேலை. எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் வருவார். அருவியை அவர் பார்த்து நான் கண்டதில்லை. பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கேமராக்காரர் தன் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் காதருகே வந்து, "இவ்ளோ தூரம் வந்து, அருவிக்கி முதுகக் காட்டிக்கினு நிக்கிறாங்களே" என்றார். "மொத மொத வந்த துரை அப்பிடி இல்ல. காலைலருந்து பொழுது சாயற வரைக்கும் பாத்துக்கினே இருந்தாரு. எதுக்கு வந்தீங்கன்னு மொழி தெரிஞ்ச ஒருத்தர் கேட்டதுக்கு, சும்மா பாக்கன்னாராம். சும்மா பாக்க ஒரு ஆளு கடல் தாண்டி வருவான்னு எங்களுக்கு அன்னிக்கித்தான் தெரியும்."

அந்தத் துரையின் கதையை எனக்கு முழுசாகச் சொன்னது அவர் அல்ல, டீக்கடைக்காரர். துரையைத் தூக்கி வந்த நாலு பேரில் இவரும் இவருடைய அண்ணனும் இருந்தார்கள். பாதி மலையில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். துரை நாற்காலியை விட்டு இறங்கவில்லையாம். மழை வருகிறது, போங்கள் என்றானாம். மூட்டை தூக்கி வந்தவன் ஒருவன் அண்ணனுடைய இடத்தில் தோள் கொடுக்க, அவரை ஒரு கடுக்காய் மரத்தடியில் கிடத்திவிட்டுப் போனார்கள். துரையை மேலே சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் உயிர் இல்லை.

இந்தக் கதையை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. மலை சவாரிகளில் ஒரு வளைவு வரும். அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் அந்தப் பழைய பாதை ஒரு கோடு போலத் தெரியும். வண்டியை ஓரம் கட்டி, கையை நீட்டிக் காட்டி, கதையைச் சொல்லுவேன். பெண்கள் "அய்யோ பாவம்" என்பார்கள். யாராவது ஒருவர் துரையைத் திட்டுவார். அப்புறம் டீ எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். நல்ல டிரைவர், விவரமெல்லாம் சொல்லி ஓட்டுகிறான் என்று எனக்குப் பேர் வந்தது அந்தக் கதையால்தான்.

வாட்சர் அதைப் பற்றி ஒரே ஒரு தடவை என்னிடம் வாய் திறந்தார். தோளைத் தடவிக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி இல்ல. கனம்" என்றார். "எல்லாரையும் எறக்கி வுட்டாச்சு. அந்த ஒரு ஆளு மட்டும் இன்னும் எறங்கல." நான் துரையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்த வாரத்தில் நான் மலைமேல் மாட்டிக்கொண்டேன். உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டு ஹோட்டல் நடத்தி வந்த ஒருவரை, அவர் மனைவி, தம்பி, ஹோட்டல் சமையல் மாஸ்டர் ஆகியோருடன் முதல்நாள் மாலை மேலே கொண்டுபோய் விட்டிருந்தேன். விடிந்ததும் கீழிருந்து நடந்து வந்த ஒருவர், அணையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருக்கிறார்கள் என்றார். ஒரு பஸ்ஸும் ஓடவில்லை, உளுந்தூர்பேட்டை ரோட்டில் காக்கா மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது என்றார். எப்போதும் லாரியும் பஸ்ஸுமாக இரைந்துகொண்டிருக்கிற ஊரிலிருந்து வந்த ஹோட்டல்காரருக்கு அது நம்பமுடியாததாக இருந்தது. "ரோடுன்னு ஒண்ணு இல்லாம போவுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறியல் செய்தவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது, மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு அவதி இருந்தது. நாங்கள் பங்களாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் ஓடைக்குக் குளிக்கப்போன ஹோட்டல்காரரைக் கண்ணாடி விரியன் கடித்தது. கால் எங்கள் கண்ணெதிரே வீங்கியது. வேனில் போனால் அணை வரைதான். அதற்கு அப்பால் மரம் மரமாகத் தாண்டிப் போகவேண்டும். பழைய டோலிப் பாதையில் இறங்கினால் மூன்று மணி நேரத்தில் அடிவாரத்து ஊர் வந்துவிடும், அங்கே ஆஸ்பத்திரியும் டாக்டரும் உண்டு. ஆனால் அவரை நடக்கவிடக் கூடாது.

டீக்கடையில் நின்ற மலை இளைஞர்களைக் கெஞ்சினேன். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மருந்து வாங்கியாரச் சொல்லு, ஓடிப் போய் வாங்கியாரேன். தூக்க மாட்டோம்ண்ணா. எங்கப்பன் தோள நீ பாத்ததில்ல." அவனை என்னால் திட்ட முடியவில்லை.

திரும்பி வந்தபோது வாட்சர் பங்களா முற்றத்தில் இரண்டு மூங்கில்களை வெட்டிப் போட்டு, வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலியை அவற்றின் நடுவே கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஹோட்டல்காரரின் தம்பியைப் பார்த்து, "நாலாளு. நான் ஒண்ணு. மீதி மூணும் நீங்கதான்" என்றார்.

"நாங்க இதெல்லாம் செஞ்சதில்லையே பெரியவரே."

"யாரும் செஞ்சுட்டுப் பொறக்கல. ஒங்கண்ணன்தான? தோள் குடு."

வாட்சரும் சமையல் மாஸ்டரும் முன்னால். தம்பியும் நானும் பின்னால். ஹோட்டல்காரரின் மனைவி தண்ணீர்ச் செம்போடு கூடவே ஓடி வந்தார். நூறு அடி போவதற்குள் மூங்கில் என் தோள் எலும்பில் இறங்கியது. அத்தனை வருஷம் ஆட்களை மலையேற்றி இறக்கியவன் நான். ஒரு மனுஷன் எவ்வளவு கனம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முன்னால் வாட்சர் ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே போனார். பாட்டு இல்லை, மூச்சுக்கு ஒரு அடி என்று எங்கள் கால்களை ஒன்றாகக் கட்டுகிற சத்தம். அது தவறினால் நாற்காலி ஆடும்.

பாதி வழியில் அந்தச் சத்தம் நின்றது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பாறை, அதையொட்டி ஒரு கடுக்காய் மரம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எத்தனை தடவை அந்த இடத்தை விரல் நீட்டிக் காட்டியிருக்கிறேன்.

"தம்பி, ஒரு நிமிசம் எறக்கலாமா?" என்று திரும்பாமலே கேட்டார். குரல் அவருடையது போலவே இல்லை.

ஹோட்டல்காரரின் தலை தொங்கிவிட்டிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. அந்த அம்மா என்னையே பார்த்தார்.

"நிக்காதீங்க பெரியவரே," என்று கத்தினேன். "போங்க. போய்க்கினே இருங்க."

அவர் முதுகு ஒரு கணம் விறைத்தது. அப்புறம் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. அடிவாரம் வரை அவர் நிற்கவில்லை.

ஹோட்டல்காரர் பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி வாசலில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாட்சரைத் தேடினேன். நாற்காலியை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறிப் போய்விட்டார் என்றார்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ரோட்டோரம் முழுக்க வெட்டுப்பட்ட அடிமரங்களைத் தாண்டி, சவாரி இல்லாமல் தனியாக வேனை ஓட்டிக்கொண்டு மேலே போனேன். அவர் பங்களாவைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தத் துரை சொன்ன அதே வார்த்தையை அதே இடத்தில் நானும் சொன்னேனே என்று பதினைந்து நாளாக என்னால் சோறு தின்ன முடியவில்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "துரை அப்பிடிச் சொல்லலியே" என்றார்.

"எல்லாரும் அப்பிடித்தான..."

"நாங்க நாலு பேரும் சொன்னது அது. கீழ வந்து நாங்களே சொன்னோம்." படியில் உட்கார்ந்தார். "துரை எறங்கிட்டாரு தம்பி. எங்கண்ணன் விழுந்ததும் அவரா குதிச்சி எறங்கி, அவன் தலையத் தூக்கி மடியில வச்சிக்கினாரு. நீங்க இவனத் தூக்குங்க, நான் நடந்து வரேன்னு கையாலயே காட்டினாரு. நான்தான் அவரு கால்ல வுழுந்தேன். துரை நடந்து வந்தான்னு ஜாகீர் வூட்டுக்குத் தெரிஞ்சா எங்க தோல உரிச்சிடுவாங்க. கெஞ்சி, கையப் புடிச்சி இழுத்து, நாற்காலில ஒக்கார வச்சேன். அண்ணனுக்கு அப்ப உசுரு இருந்துச்சு. என்னையே பாத்துக்கினு இருந்தான். போவலாம்னு சத்தம் குடுத்தது நான்."

மேலே துரை ஒரு நாள் முழுக்க அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தது அதற்கு மறுநாள் என்று சொன்னார். "பாத்தாரோ, அழுதாரோ. நான் கிட்டப் போவல."

இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "அண்ணன் பொண்டாட்டி இருக்கா" என்றார். "ரெண்டு மலை தாண்டி, அவ தம்பி வூட்ல. நாப்பது வருசமா அந்தப் பக்கம் நான் போவல. சந்தைக்குக்கூட சுத்துப் பாதையிலதான் போவேன்."

"இன்னிக்கிப் போலாம்" என்றேன். வண்டியைக் காட்டவில்லை. நடந்தோம்.

அந்தப் பெண்மணி வாசலில் உட்கார்ந்து தினை புடைத்துக்கொண்டிருந்தார். சின்ன உருவம். பார்வை மங்கியிருந்தது. வாட்சர் தூரத்திலேயே நின்றுவிட்டார். நான் போய் இன்னார் வந்திருக்கிறார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"வந்தியா? வா, கிட்ட வா. ஒன்ன ஒண்ணு கேக்கணும்னுதான் நான் சாவாம கெடக்கறேன். நீ வரவே இல்ல."

வாட்சர் அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். அந்த முகத்தை நான் மறுபடி பார்க்க விரும்பமாட்டேன்.

"கேளு அண்ணி."

"அன்னிக்கிக் காலைல எனக்கும் அவருக்கும் சண்ட. ஒண்ணுமில்லாத சண்ட. பானை நெறைய கூழு இருந்துச்சு. நான் ஊத்தல. அவரும் கேக்கல. வெறும் வயித்தோட போனாரு." மூச்சு விட்டுக்கொண்டு கேட்டார்: "வழியில இன்னாவாச்சும் தின்னாரா?"

சொல்ல வந்ததை வாட்சர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தின்னான் அண்ணி" என்றார். "அடிவாரத்துல கெழங்கு தோண்டி, சுட்டுத் தின்னோம். எனக்குப் பாதி குடுத்துட்டுத்தான் தின்னான்."

அந்தப் பெண்மணி தலையை மெல்ல ஆட்டினார். "பாதி குடுத்தாரா?" என்றார். "குடுப்பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து உள்ளே போய், எங்கள் இருவருக்கும் கூழ் கொண்டுவந்து வைத்தார். வாட்சர் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது அந்தப் பெண்மணி வாட்சரின் தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

திரும்பும் வழியில் அவர் முன்னால் நடந்தார். இரண்டாவது மேடு ஏறியதும் என்னால் அடக்க முடியவில்லை. "சொல்ல வந்தத சொல்லலியே பெரியவரே."

கொஞ்ச தூரம் போய் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"நாங்க அன்னிக்கி ஒண்ணும் திங்கல தம்பி. அது ஆடி மாசம். இந்த மலையில ஆடியில கெழங்கு கெடையாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "அண்ணி இங்கயே பொறந்தவ. அவளுக்கும் அது தெரியும்."